மலைமேல் ஒதுங்கிய விடுதி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

காப்பித் தோட்டத்துப் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றலாமா என்று சேர்வராயன் மலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். கடற்கரையில் கட்ட நினைக்கும் ஒருவரும் எழுதியிருக்கிறார். அவருக்கும் பதில் உண்டு.

கேள்வி: நாகலூர் பக்கம் எங்களுக்குத் தோட்டமும் பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஐந்து அறை ஒதுக்கலாம் என்று எண்ணம். எதில் முதலில் பணம் போடுவது?
வாசகர், கன்னங்குறிச்சி

தண்ணீரில். கட்டில், திரைச்சீலை, முகப்பு எல்லாம் பிறகு.

விடுதிக்குக் கட்டில் ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. பத்துக் கட்டிலுக்கு 1,800 லிட்டர். அங்கேயே தங்கும் வேலையாட்கள் நால்வருக்குத் தலா 135 லிட்டர். சமையல், தோட்டம் என்று சில்லறையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 2,500 லிட்டர் என்று வையுங்கள்.

மலையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர். 150 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில், சிதறலும் ஓடு உறிஞ்சுவதும் போக, 1,80,000 லிட்டர் வரை பிடிக்கலாம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் நவம்பர் வரைக்குள் கொட்டிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் கைவிரிக்கும். கோடை விடுமுறைக் கூட்டமோ ஏப்ரலில்தான் தொடங்கும். நான்கு மாதத்துக்கான நீரைத் தொட்டியில் தேக்குவதென்றால் தொட்டிச் செலவு வீட்டுச் செலவைத் தாண்டிவிடும். அதனால் மழைநீரைத் துணையாக மட்டும் வைத்து, கிணற்றையோ ஊற்றையோ நம்புங்கள்.

அந்தக் கிணற்றை டிசம்பரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஏப்ரல் கடைசியில் நான்கு மணி நேரம் மோட்டார் ஓட்டி, எவ்வளவு இறங்கியது, மறுநாள் காலைக்குள் எவ்வளவு ஏறியது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் யோசனை தேவை. இந்த மலை சார்னோக்கைட் பாறை; பாறை வெடிப்பில் மட்டுமே நீர் ஓடும். வெடிப்பு அகப்பட்டால் யோகம், இல்லாவிட்டால் வெறும் தூசு. மேட்டு முகட்டைவிடப் பள்ளத்து மடிப்பில் வாய்ப்பு அதிகம்.

சரிவு நிலத்தில் ஒரு வசதி உண்டு. வீட்டுக்குப் பத்து மீட்டர் மேலே தொட்டி வைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தானாகவே கிடைக்கும். மொட்டை மாடியில் மூன்று மீட்டர் உயரத்தில் வைத்தால் 0.3 கிலோதான், ஷவர் சொட்டும். தொட்டி 20,000 லிட்டராவது இருக்கட்டும். மோட்டார் எரிந்தாலும் ஒரு வாரம் ஓடும். குழாயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் போட்டால் காட்டுமாடு மிதித்து உடைக்கும். குழாய் மேடேறி இறங்கும் ஒவ்வொரு முதுகிலும் காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் தண்ணீர் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த இடங்களில் காற்று வால்வு வையுங்கள்.

மழைநீர் பிடிப்பவர்கள் முதல் மழையில் ஒரு மில்லிமீட்டர் அளவை, அதாவது 150 சதுர மீட்டர் கூரைக்கு 150 லிட்டரை, வெளியே விட்டுவிட வேண்டும். சவுக்கு மரத்து இலை (சில்வர் ஓக்கை மலையில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) மழைக்கால்வாயை அடைப்பதில் கெட்டிக்கார இலை. மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் வாரிவிடுங்கள். குடிக்கும் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு நான்கு முதல் ஆறு கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குளோரின் சோதித்துப் பாருங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து அறைக்கும் கீசர் போட்டுவிட்டோம். காலை ஏழு மணிக்கு எல்லாரும் குளித்தால் கட்-அவுட் போய்விடுகிறது. சோலார் போட்டால் தீருமா?
வாசகி, செம்மநத்தம்

ஐந்து கீசர், ஒவ்வொன்றும் 2 கிலோவாட் என்றால் ஒரே நேரத்தில் 10 கிலோவாட். பழைய வீட்டின் ஒற்றை ஃபேஸ் இணைப்பு அதைத் தாங்காது. கட்-அவுட் போவது நல்ல சகுனம். போகாமல் இருந்தால் நியூட்ரல் கம்பி இளகி இருக்கும். மூன்று ஃபேஸுக்கு எழுதிக் கொடுத்து, அறைகளைப் பிரித்துப் போடுங்கள்.

கீசர் அளவையும் பாருங்கள். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் சுட்ட நீர், 18 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் 28 லிட்டர்தான் தேறும். ஒருவர் குளித்து முடித்தால் அடுத்தவர் இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இருவர் தங்கும் அறைக்கு 25 லிட்டர் கீசர் போட்டால் 48 லிட்டர் கிடைக்கும்.

சோலார் கோடையில் நன்றாகவே கொடுக்கும். வேண்டியதோ நவம்பர், டிசம்பரில். அப்போது நாள்கணக்கில் பனிமூட்டம். சோலாரை மட்டும் நம்பி மலையில் விடுதி நடத்த முடியாது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தமானது விறகு பாய்லர்: 200 லிட்டர், காப்பிச் செடி கவாத்துக் குச்சி போதும். மூன்று விஷயத்தில் தவறாதீர்கள். பாய்லருக்குத் திறந்த காற்றுக்குழாய் ஒன்று மேல்தொட்டி மட்டத்துக்கு மேலே போக வேண்டும். அதில் வால்வே கூடாது, அடைத்தால் பாய்லர் வெடிக்கும். வெந்நீருக்குச் சாதாரண பிவிசி ஆகாது, சிபிவிசி போடுங்கள். அறைக்குப் பிரியும் குழாயை அரை அங்குலமாக வையுங்கள். ஒரு அங்குலக் குழாய் பதினைந்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஏழு லிட்டர் ஆறிய நீர் நிற்கும். அதைத் திறந்து விட்டபடி விருந்தினர் நடுங்கிக்கொண்டிருப்பார்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடுவது மட்டும் எந்நாளும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் விழிக்க மாட்டார். கூடுதல் கம்பளி கொடுங்கள்.

கேள்வி: ஐப்பசி வந்தாலே அறையில் பூஞ்சை வாடை. சுவருக்கு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தும் ஒரே ஆண்டில் உரிகிறது. ஏன்?
வாசகர், ஏற்காடு

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயின்ட் அடித்ததால். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்.

சுவருக்குள் என்றால் பெரும்பாலும் மேட்டுப் பக்கத்து மண்தான் குற்றவாளி. வருடா வருடம் சரிவிலிருந்து மண் இறங்கி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துபோயிருக்கும். உள்தரைக்கு அரையடி கீழே வரும்வரை அந்த மண்ணை வெட்டி எடுங்கள். சுவரோரம் இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டி, 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, நீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுங்கள். மண் சாந்தில் எழுப்பிய பழைய சுவருக்கு சிமென்ட் பூச்சும் எமல்ஷன் பெயின்டும் எதிரி. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்புயரத்தில் பொருக்குத் தட்டி உதிர்கிறது. சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசி வெள்ளையடியுங்கள். பார்வைக்குப் பணக்காரத்தனமாக இராது, ஆனால் நிற்கும்.

ஈரம் காற்றில் என்றால், கூரையோரத்து வென்டிலேட்டரை யாரோ குளிருக்குப் பயந்து அடைத்திருப்பார்கள். திறந்து கொசுவலை அடியுங்கள். கட்டில் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். பலகை மூடிய கட்டில் ஆகாது. சட்டம் போட்ட கட்டிலானால் மெத்தைக்கு அடியில் காற்று ஓடும். ஆள் இல்லாத அறையையும் தினமும் பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்குச் சாத்துங்கள். மாலையில் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வரும், வேறொன்றும் வராது.

துணி காய்வதுதான் மழைக்காலத்தின் உண்மையான தலைவலி. சமவெளியில் கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு போதும். மலையில் ஐந்து வேண்டும். பாய்லர் அடுப்புச் சுவருக்கு மறுபுறம் கொடி கட்டிய ஓர் அறை, மேலே வெளியேற்றும் விசிறி ஒன்று: இதற்கு ஆகும் செலவு எந்த அலங்காரத்தையும்விடப் பயன் தரும். அரைகுறையாகக் காய்ந்த தலையணை உறையின் வாடையை விருந்தினர் ஆறு மாதம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்.

கேள்வி: செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் மட்டும் பொங்குகிறது. எடுத்துச் செல்ல லாரியும் வர முடியவில்லை.
வாசகர், மஞ்சக்குட்டை

மழையில் மட்டும் பொங்கினால் பழுது தொட்டியில் இல்லை, உறிஞ்சுகுழியில். களிமண் கலந்த செம்மண் ஐப்பசி, கார்த்திகையில் ஊறி நிறைந்துவிட்டால் குழி எதையும் உறிஞ்சாது. கூரைத் தண்ணீரும் அதே குழிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் உடனே பிரியுங்கள். பிறகு ஒற்றைக் குழிக்குப் பதிலாக, சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, ஆழமில்லாத ஜல்லி வாய்க்கால்கள் இரண்டு மூன்று வெட்டி நீரைப் பரத்துங்கள். கரையில் கல்வாழை நடுங்கள். சரிவின் போக்கிலேயே வெட்டினால் எல்லாம் கடைக்கோடியில் போய் ஊற்றெடுக்கும்.

குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் இருக்க வேண்டும். உங்கள் கிணற்றை மட்டும் பார்க்காதீர்கள். கீழே இருக்கும் ஊரின் ஊற்றையும் பாருங்கள். சமையலறைக் கழிவுநீர் எண்ணெய்ப் பொறி வழியாகவே போகட்டும். 100 லிட்டர் பெட்டி போதும், வாரம் ஒருமுறை வழித்து எடுக்க வேண்டும். கழிவறையில் தினமும் ஆசிட், பினாயில் ஊற்றினால் தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர் செத்து, கசடு இரட்டிப்பு வேகத்தில் சேரும். லாரி விஷயத்தில் இப்போது செய்யக்கூடியது ஒன்றே: லாரி நிற்கும் இடத்தை நோக்கித் தொட்டியிலிருந்து கசடு எடுக்கும் குழாயை நிரந்தரமாகப் பதித்து வைப்பது. புதிதாகக் கட்டுபவர்கள் முதலில் லாரிக்கு இடம் பார்த்து, பிறகு தொட்டிக்கு இடம் பார்க்க வேண்டும்.

கேள்வி: சேலத்தில் பூவாக வரும் இட்லி மலையில் கல்லாகிறது.
வாசகி, அஸ்தம்பட்டி

மாவு புளிக்கவில்லை. சேலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் மேலே பதினாறு மணி நேரமும் எடுக்கும். வெதுவெதுப்பான நீரில் அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி, பாய்லர் அறையில் வையுங்கள். வெந்தயம் ஒரு கைப்பிடி கூடட்டும். ஆப்பசோடாவில் அவசரம் காட்டாதீர்கள். அடுத்து, 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஆவியில் இரண்டு மூன்று நிமிடம் கூட விடுங்கள். பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு மல்லுக்கட்டாமல் குக்கரில் ஒரு விசில் கூட்டுங்கள். காப்பி டிகாக்‌ஷனுக்கு மட்டும் இந்த 95 டிகிரி பொருத்தமான சூடு. ஏற்காட்டுக் காப்பிக்கு மலையே செய்து தரும் உபகாரம்.

கேள்வி: தரங்கம்பாடிக் கரையோரம் சவுக்குத் தோப்பு ஒன்று விலைக்கு வருகிறது. அங்கே ஆறு அறை விடுதி கட்ட ஆசை. மலையில் கட்டிய மேஸ்திரியையே கூட்டிப் போகலாமா?
வாசகர், ஓமலூர்

கூட்டிப் போகலாம், கையிலிருக்கும் அளவுக் கணக்கை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

நிலத்தை வாங்கும் முன் சட்டம். 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டினால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், அதற்குக் குறைந்தால் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. தோப்பின் சர்வே எண் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். தரகர் கையால் காட்டும் 200 மீட்டரை நம்ப வேண்டாம்.

பிறகு உப்பு. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். அலைத்துளியே தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். மேஸ்திரி பழக்கத்தில் ஓரங்குலம் விட்டால், உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளில் சன்ஷேடு உதிரும். கடல் மணலும் உவர் நீரும் கலவைக்குள் போகவே கூடாது. கைப்பிடிக்கு 304 எவர்சில்வர் பழுப்புக் கறை படியும். 316 கேட்டு வாங்குங்கள்.

நன்னீர் அங்கே உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அடியில் சுமார் நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும். அந்த ஒரு மீட்டரை நீங்கள் இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு மேலேறும். அதனால் ஆழ்துளை வேண்டாம். ஆழமில்லாத அகலக் கிணறு, சிறிய மோட்டார், நாள் முழுக்க மெல்ல இறைப்பது. நீர்மட்டம் மேலேயே இருப்பதால் கழிவுநீரை மேடு கட்டித்தான் வடிக்க வேண்டும்.

கூரைத் தகட்டை ஓரங்களில் இரட்டிப்பு நெருக்கமாக முடுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கடற்கரை அது, காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். கடலைப் பார்த்த விளக்குகளை அப்போது அணைத்து வையுங்கள்.

கேள்வி: இரவில் காட்டுமாடு முற்றத்துக்கே வருகிறது. வேலி போடலாமா?
வாசகர், நாகலூர்

முள்கம்பி ஆயிரம் கிலோவை நெருங்கும் கடாவைத் தடுக்காது. மின்கம்பியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம், கொலையிலும் முடியும். கழுநீரையும் காய்கறித் தோலையும் முற்றத்தில் கொட்டாதீர்கள். அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே முழங்காலுயர விளக்கு போடுங்கள். இருட்டிய பிறகு விருந்தினர் தனியே நடக்க வேண்டாம், டார்ச்சைக் கண்ணில் அடிக்க வேண்டாம், நாயை அவிழ்த்துவிட வேண்டாம். நாய் குரைத்துவிட்டு உங்கள் பின்னால்தான் ஓடிவரும்.

கேள்வி: என்னென்ன அனுமதி வேண்டும்?
பலர்

ஏற்காடு வட்டத்து ஊர்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின், பேச்சுவழக்கில் ‘ஹாக்கா’வின், வரம்புக்குள் வருகின்றன. ஊராட்சியில் கட்டட அனுமதி கேட்கும் முன் அதை விசாரியுங்கள். தோட்டத்து மரமேயானாலும் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நிபந்தனைப் பட்டா நிலத்தை, அதாவது விற்கவும் வேறு வேலைக்கு மாற்றவும் கட்டுப்பாடு வைத்து அரசு கொடுத்த நிலத்தை, வாங்கி விடுதி கட்டுவது வழக்கை விலைக்கு வாங்குவது. சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத் தடை இருப்பதால் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் எதுவும் வாங்கி வைக்காதீர்கள்.

கேள்வி: பாதை அடைத்துக்கொண்டால் விருந்தினரை என்ன செய்வது?
வாசகர், செம்மநத்தம்

மூன்று நாள் தாங்குவது போல எப்போதும் வைத்திருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பாதை அடைத்தால் குப்பனூர் பாதை உண்டு. இரண்டும் அடைத்தால் நீங்களும் உங்கள் உக்கிராண அறையும்தான்.

பத்து விருந்தினர், நான்கு ஆட்கள், மூன்று நாள்: அரிசி 13 கிலோ, அதற்கேற்ற பருப்பு, எண்ணெய், பால் பவுடர். லீ பஜாரில் மளிகை எடுக்கும்போதே இதைத் தனி மூட்டையாகக் கட்டி, மாதம் ஒருமுறை சுழற்றுங்கள். காயில் பூசணி, சேனை, வாழைக்காய் தாங்கும். நிறைந்த சிலிண்டர் ஒன்று கையிருப்பில் எப்போதும் இருக்கட்டும். 5 கேவிஏ ஜெனரேட்டர் இந்த உயரத்தில் மெல்லிய காற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி இழக்கும்; நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்ட, மூன்று நாளுக்கு 20 லிட்டர் டீசல் போதும். கீசரை அதில் மாட்டாதீர்கள். மற்ற நேரத்துக்கு 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று, விளக்கும் வைஃபையும் மட்டுமென்றால் ஆறு மணி நேரம் இழுக்கும். கோடை இடியில் இன்வெர்ட்டர் எரிகிறதென்றால் எர்த்தைச் சோதியுங்கள். பாறையில் குழி இறங்காத இடத்தில் எர்த் தகட்டை நீளவாக்கில் புதைக்கலாம். ஏப்ரலில், மண் காய்ந்திருக்கும்போது அளந்து 5 ஓமுக்குள் வந்தால் சரி.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். உங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஒரு கல் நட்டு, எல்லா ஆட்களுக்கும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: வயதான பெற்றோருடன் இப்படிப்பட்ட விடுதிக்குப் போகிறோம். முன்பதிவுக்கு முன் என்ன கேட்க வேண்டும்?
வாசகி, சூரமங்கலம்

கடைசி மண்பாதையில் தாழ்வான கார் ஏறுமா, இல்லையென்றால் ஜீப் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் காசா. வண்டியிலிருந்து அறைவரை எத்தனை படி. கழிவறையில் பிடிக்கக் கைப்பிடி உண்டா. வெந்நீர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை. இரவு மின்சாரம் போனால் எது எரியும். பதில் சொல்பவர் நேரே சொல்கிறாரா, “எல்லாம் இருக்கு, வாங்க” என்கிறாரா என்று கவனியுங்கள். பிந்தையவரிடம் திரும்பவும் கேளுங்கள். மாலை ஐந்துக்குள் மேலே போய்ச் சேருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்தால் சூடாகிப் பிடிக்காது. வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள்.